சிமெண்டு டின்னும் அம்மாவின் பெருவிரலும்

விதி தெளிவாக இருந்தது. மாவட்டப் பள்ளிகளுக்கான திடல்தடப் போட்டியில், அதாவது ஓட்டம், தாண்டல், எறிதல் போட்டியில், சேர ஒரு படிவம் உண்டு. அதன் பின்பக்கத்தில், யாரும் படிக்காத அளவுக்குச் சின்ன எழுத்தில், ஆறாவது பத்தி. தந்தை, தாய், பாதுகாவலர் ஆகிய மூவரில் ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும். எழுதத் தெரிந்தவர் கையொப்பமிடலாம், தெரியாதவர் இடது பெருவிரலை வைக்கலாம். அவ்வளவுதான். பெண்பிள்ளைக்கு என்று தனிப் பத்தி இல்லை. குண்டு எறிதலுக்கு என்று தனிப் பத்தி இல்லை. நான் அந்தப் பின்பக்கத்தைப் பதிமூன்று வயதில் படித்தேன். படித்ததுதான் பிரச்சினை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம் ஓய்வூதியக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த கூத்துதான் காரணம். மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், நம் வயதுக்காரர்கள் வீட்டிலேயே சின்ன டம்பெல் தூக்கத் தொடங்கலாம், எலும்புக்கு நல்லது என்றாள். நான் ஒரு கிலோவில் ஒரு ஜோடி வாங்கிப் படம் போட்டேன். உடனே அறிவுரைகள் கொட்டின. இந்த வயசில் எதற்கு, தோள் இறங்கிவிடும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஜாக்கிரதை. நண்பர்களே, நான் புதிதாகத் தொடங்கவில்லை. நான் தொடங்கியபோது உங்களில் பலர் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்போதும் ஏதோ ஒன்று இறங்கிவிடும் என்றுதான் சொன்னார்கள். தோள் அல்ல, வேறொன்று.

அலோர் காஜாவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போய், செம்மண் சாலையில் நடந்தால் எங்கள் ரப்பர் எஸ்டேட். அம்மா பால்மரம் சீவினார். அப்பா ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் வேலை செய்தார். நான் டவுனில் இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருடம் பள்ளித் திடலில் குண்டு எறியவிட்டபோது, என் குண்டு மற்றப் பெண்களின் குண்டைவிட ஒரு முழம் தாண்டி விழுந்தது. எனக்கே ஆச்சரியம். அந்த ஒரு முழம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. மாவட்டப் போட்டியில், எல்லாப் பள்ளிக்காரர்களும் பார்க்க, வேண்டும்.

வழி ஒரு நெத்திலிப் பொட்டலத்தில் வந்தது. எஸ்டேட் கடையில் நெத்திலி மடித்துக் கொடுத்த காகிதம், ஏதோ ஆங்கிலப் பத்திரிகையின் பக்கம். தலைப்பில், வீட்டிலேயே டம்பெல் பயிற்சி, புதியவர்களுக்கு. எண்ணெய் தடவிய ஒருவன் நான்கு படங்களில் நின்றான். முதல் பயிற்சி, முழங்கையை விலாவில் ஒட்டி மடக்கித் தூக்குவது. இரண்டாவது, தோளிலிருந்து தலைக்கு மேல். மூன்றாவது பயிற்சி நெத்திலி ஈரத்தில் ஊறிக் கிழிந்துபோயிருந்தது. நான்காவது, குனிந்து பின்னால் இழுப்பது. கீழே குறிப்புகள். தூக்கும்போது மூச்சை விடு. முதுகை வளைக்காதே. பத்து முறை, மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள்.

எனக்கு அந்தப் பக்கம் வேதம் மாதிரி. எண் போட்ட கட்டளைகளை அன்றிலிருந்தே எனக்குப் பிடிக்கும். மூன்றாவது பயிற்சி என்னவாக இருக்கும் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

டம்பெல்லுக்கு எங்கே போவது? கெட்டிப் பால் டின் இரண்டு, நடுவில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு. டின்னுக்குள் எதை நிரப்புவது என்பதில்தான் நான் எஸ்டேட் பிள்ளை என்பதைக் காட்டிவிட்டேன். உலகத்தில் எந்தப் பாத்திரத்திலும் ஊற்றினால் கட்டியாகும் பொருள் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். மரத்துக் கோப்பைகளில் மழை கலந்து வீணாகிப்போன பாலை வழித்துக் கொண்டுவந்து டின்னில் ஊற்றி, குழாயைச் செருகி, கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டேன். அருமையாக உறைந்தது. குழாய் அசையவில்லை. ஒரு கைதேர்ந்த தொழிலாளியின் பெருமையோடு தூக்கினேன். காற்றைத் தூக்குவது போல இருந்தது. ரப்பர் தண்ணீரில் மிதக்கும் என்பதை, ரப்பரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குப் பாடப்புத்தகம் பிறகுதான் சொல்லிக்கொடுத்தது.

மூன்றாம் நாள் அது நாற ஆரம்பித்தது.

"எவ வூட்டுலடி எலி செத்துக் கெடக்கு?" என்று பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கத்தினார். அவரும் அம்மாவோடு மரம் சீவுகிறவர்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் குளியலறைப் பின்புறம் வரை வந்துவிட்டார். "என்னா பாப்பா இது? பாலு டின்னுல பாலு ஊத்தி வெச்சிருக்க! இத வெச்சு என்னா செய்யப் போற?"

"தூக்கப் போறேன்க்கா."

"தூக்கித் தூரப் போடுலா மொதல்ல!"

போட்டேன். அந்த வாரம், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துச் சாக்கடை உடைந்த இடத்தைப் பூசவந்த கொத்தனார், கேட்டதும் ஒரு கரண்டி சிமெண்டு கலவையை வேறு டின்களில் தட்டிக் கொடுத்தார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அந்தக் கதையில் எந்தக் கேள்வியும் கேட்காமல் உதவியவர் அவர் ஒருவர்தான், அதனால் குறிப்பிடுகிறேன். இரண்டு நாளில் காய்ந்தது. இந்த முறை கனம் இருந்தது. கையில் தொங்கவிட்டால் தோள்பட்டை கீழே இறங்குவது தெரிந்தது.

மற்றக் குறிப்புகளையெல்லாம் வரிக்கு வரி கடைப்பிடித்தேன். ஒன்றை மட்டும் விட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள். எங்கள் லயத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் யாரும் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. மரம் லீவு விடுமா? அதனால் ஆறு நாள் தொடர்ந்து தூக்கினேன். ஏழாம் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, சடை பின்னக் கையைத் தூக்கினேன். கை காதுவரை வந்து நின்றுவிட்டது. இரண்டு கையும். கண்ணாடிக்கு முன்னால் சரணடைந்த திருடன் போல நின்றேன்.

அன்று பள்ளி மதியப் பிரிவு, அம்மா மரத்திலிருந்து திரும்பியிருந்தார். என்னைப் பார்த்தார், கையைத் தொட்டார், நான் கத்தினேன். ஐந்து நிமிடத்தில் டின் வெளியே வந்துவிட்டது.

"பொட்டப்புள்ள செய்ற வேலையா இது? வயிறு எறங்கிப் போவும்டி! கர்ப்பப்பை எறங்கிருச்சுன்னா பொறவு புள்ள பெக்க முடியாது. கிராணியம்மா சொல்லியிருக்காங்க."

கிராணி என்றால் எஸ்டேட்டில் பால் நிறுத்துக் கணக்கெழுதும் குமாஸ்தா. அவருடைய மனைவி கிராணியம்மா. எஸ்டேட்டின் மருத்துவ அதிகாரம் முழுவதும் அந்த அம்மாளிடம் இருந்தது. படிப்பு இல்லை, தகுதிச் சான்று இல்லை, நாற்காலி போட்ட வீடு இருந்தது.

அம்மா டின்னை எடுத்துக்கொண்டு போய் எங்கோ ஒளித்துவிட்டார். அதே வாரம் நான் போட்டிப் படிவத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினேன். அப்பா அதைப் படித்தார். அவருக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும் வாசிக்க வரும். படித்துவிட்டு, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். எங்கள் வீட்டில் முடிவெடுக்க முடியாத காகிதங்களுக்கெல்லாம் அதுதான் கோப்பு.

"ப்பா, வெள்ளிக்கெழம குடுக்கணும்."

"தோளு அகலமாயிட்டா ஜாக்கெட்டு தைக்கிறவன் கூட ஒரு முழம் துணி கேப்பான்."

"அதுக்கும் ஃபாரத்துக்கும் என்னாப்பா?"

"நான் வேணாம்னு சொல்லல. கையெழுத்துப் போடலன்னுதான் சொன்னேன்."

பின்னாளில் முப்பத்து மூன்று வருடம் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியபோது, இவ்வளவு சுத்தமான ஒரு பதிலை எந்த அதிகாரி வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அப்பா தவறான துறையில் இருந்துவிட்டார்.

படிவம் நாலு நாள் சாமிக்குப் பின்னால் இருந்தது. அடுத்த நாள் பள்ளி விடுமுறை. அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போனேன். மரம் சீவி முடித்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். தோளில் காண்டாக் கம்பு, கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி. வெயிலும், பாலின் புளிச்ச வாடையும், கம்பு அழுத்திய இடத்தில் ரவிக்கை நைந்து தெரியும் தோல் தடிப்பும். தராசுக்குப் பக்கத்தில் நாற்காலியில் கிராணி.

அம்மாவின் முறை வந்தது. கிராணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"என்னம்மா, ஒன் மவ குண்டு தூக்குறாளாமே? வீட்டுல சொன்னாங்க. கண்டிச்சு வை. கனம் தூக்குனா பொம்பளைக்கு வயிறு எறங்கிடும். பொறவு எவன் கட்டுவான்?"

அம்மா கம்பை இறக்கவில்லை. தோளில் வைத்தபடியே நின்றார்.

"மொதல்ல நிறுங்க."

வாளிகள் ஏறின. கிராணி முள்ளைப் பார்த்தார். "அறுவத்தி நாலு ராத்தல்."

"இவ வயித்துல ஏழு மாசமா இருக்கையில இதே தராசுல எவ்வளவு வெச்சேன்? பழைய புக்கு அலமாரியில இருக்குல்ல. பாத்துச் சொல்லுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"அன்னிக்கும் இந்த நாக்காலியிலதான் இருந்தீங்க. இந்தாம்மா, நீ மாசமா இருக்க, தூக்காத, வயிறு எறங்கிடும்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? எறக்கி வையி, நான் தூக்கியாறேன்னு வந்தீங்களா? அறுவது ராத்தலுக்கு எறங்காத வயிறு, ரெண்டு பால் டின்னுக்கு எறங்கிடுமா?"

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது. பக்கத்து வீட்டு அக்கா அடக்கப் பார்க்கவே இல்லை.

"கிராணி ஐயாவ தூக்கச் சொல்லாதக்கா. அவரு தூக்குனா அவருக்குத்தான் எறங்கும்லா!"

கொட்டகை முழுவதும் சிரித்தது. கிராணி தலையைக் குனிந்து எண்ணை எழுதிக்கொண்டார்.

நண்பர்களே, அம்மாவை நான் உயர்த்திக் காட்டவில்லை. முந்தின நாள் வரை அதே வார்த்தையை என்னிடம் சொன்னவர் அவர்தான், அதை நம்பியும் இருந்தார். தினமும் அறுபது ராத்தலைத் தோளில் வைத்துக்கொண்டே நம்பினார். அந்த வார்த்தையை ஒரு நாற்காலியிலிருந்து கேட்டபோதுதான் அதன் கனம் என்ன என்று நிறுத்துப் பார்த்தார்.

வீட்டுக்கு அம்மா எனக்கு முன்னால் நடந்தார். லயம் வந்ததும், திரும்பிப் பார்க்காமல், "கோழிக் கூண்டுக்கு மேல இருக்கு" என்றார்.

மாலை அம்மாவே சாமி படத்துக்குப் பின்னாலிருந்து படிவத்தை எடுத்தார். மைப்பெட்டி இல்லை. என் கண்மை டப்பியில் பெருவிரலைத் தேய்த்து, நான் காட்டிய கட்டத்தில் அழுத்தினார். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்காதது போல இருந்தார், எழுந்து போகவும் இல்லை.

விரலை எடுத்தபோது கட்டத்தில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. கோடுகள் இல்லை. இன்னொரு முறை வைத்தோம், அதுவும் அப்படித்தான். இருபது வருடம் சீவுகத்தியைப் பிடித்து, ரப்பர்ப் பாலை வழித்து வழித்து, அம்மாவின் விரலில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. ஓரத்தில் மட்டும் நாலைந்து வளைவு, கரையில் ஒதுங்கிய அலை மாதிரி.

வெள்ளிக்கிழமை விளையாட்டு வாத்தியார் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் டவுன்காரர், நல்ல சட்டை போடுவார், விசில் கழுத்தைவிட்டு இறங்காது.

"என்ன இது, கறையா?"

"அம்மா பெருவெரல், சார்."

"ரேகையே இல்லையே. யார் விரல்னு எப்படித் தெரியும்? அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா."

"பின்னால ஆறாவது பாராவுல அம்மா போதும்னு இருக்கு, சார். ரேகை தெளிவா தெரியணும்னு அதுல இல்ல."

அவர் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. "பாரா நம்பர் சொல்ற அளவுக்கு வந்தாச்சா? பொம்பளப் புள்ளைங்க ஓடட்டும், தாண்டட்டும். குண்டு எதுக்கு? போய் உட்காரு."

உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுதினேன். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மலாயில் ஒரு கடிதம். ஆறாவது பத்தியின்படி தாயின் பெருவிரல் செல்லுமா, செல்லாதா என்ற ஒரே கேள்வி. அம்மாவின் பெயர், எஸ்டேட் முகவரி எல்லாம் எழுதி அலோர் காஜா தபாலாபீசில் போட்டேன். போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் தபால் கேட்டேன். தினமும் டின் தூக்கினேன், இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பத்து முறை, மூன்று சுற்று. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே எண்ணினார். எட்டுக்கு அப்புறம் நான் வேகமாகப் போனால், "ஏமாத்தாத" என்பார்.

பதில் வரவில்லை.

போட்டி நாளில் பள்ளி மாணவர் எல்லாரும் போய்க் கைதட்ட வேண்டும் என்பது உத்தரவு, போனேன். நான் ஓடிப்போய்க் குண்டைப் பிடுங்கி எறிந்தேன் என்று எழுதினால் உங்களுக்கெல்லாம் பிடிக்கும். எறியவில்லை. கோலா சுங்கை பாருவிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண் ஜெயித்தாள். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, வலை இழுத்த தோள். பார்த்தவுடனே எனக்கு அந்தத் தோள் புரிந்தது. போட்டி முடிந்து அவள் குண்டை உருட்டிக்கொண்டே வந்து புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எறியலையா?" என்றாள், மலாயில்.

"ஃபாரம் ஏத்துக்கலை."

அவள் யோசித்தாள். பிறகு குண்டை என் மடியில் வைத்தாள். நான் எழுந்து நின்று அதைத் தோளுக்குக் கொண்டுவந்து, தலைக்கு மேல் தூக்கினேன். இரண்டாவது பயிற்சி. மூச்சை விட்டு, முதுகை வளைக்காமல். அவள் மலாயில் எண்ணினாள், சாத்து, டுவா, தீகா. ஆறாவதில் விளையாட்டு வாத்தியார் பார்த்துவிட்டார்.

"ஏய்! கீழ வை அத!"

"எறியல, சார். தூக்கத்தான் செய்றேன். அதுக்கும் கையெழுத்து வேணுமா?"

பத்து முடித்துத்தான் வைத்தேன். திங்கட்கிழமை வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கவைத்தார். நின்றேன்.

அடுத்த வருடம் முழுவதும் டின்னைப் பின்புறத்தில் தூக்கவில்லை. வாசலில், சாலை பார்க்கிற பக்கம், சாயங்காலம் ஐந்தரைக்கு. கிராணியம்மா கோயிலுக்குப் போகும் நேரம் அது. வேண்டுமென்றே வைத்த நேரம்தான், மறுக்கமாட்டேன். மாவட்டப் போட்டிக்கு நான் கடைசிவரை போகவில்லை. அதே வாத்தியார், அதே கட்டம், அதே கறை. அந்தத் தோல்வியை இன்றைக்கும் நான் மென்று விழுங்கவில்லை, விழுங்குவதாகவும் இல்லை.

இருபத்திரண்டு வயதில் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்குக் கொடுக்கும் முதல் தண்டனை, பழைய கோப்புகளைக் கழிப்பது. மூன்றாவது அலமாரியில், போட்டிகள் என்ற கட்டுக்குள், என் கடிதம் இருந்தது. அகராதி மலாய், கோணல் எழுத்து. மேலே பெறப்பட்டது என்ற சாப்பு, அதாவது முத்திரை, நான் அனுப்பிய மூன்றாம் நாள் தேதியோடு. மூலையில் பென்சிலில் மூன்றெழுத்து, கே.ஐ.வி. பார்வையில் வைத்திருக்கவும் என்று அர்த்தம். அலமாரியில் ஒன்பது வருடம் வைத்திருந்தார்கள்.

நான் அழவில்லை. நடைமுறைக் கையேட்டைத் திறந்தேன். நடவடிக்கை முடியாத கோப்பைக் கழிக்கக் கூடாது. முடிக்க ஒரே வழி, பதில் எழுதுவது. எழுதினேன். அன்றிருந்த விதியின்படி தாயின் பெருவிரல் பதிவு செல்லும், ரேகை தேய்ந்திருப்பது தடையாகாது, தாமதத்துக்கு வருந்துகிறோம். கடிதத்தை எழுதிய பிள்ளைக்கு இப்போது பதில் தேவையில்லை. விரல் அம்மாவுடையது, அதனால் அம்மாவின் பெயருக்கு.

அதிகாரி ஒரு மலாய்க்காரர், நிதானமானவர்; மலாய் முறைப்படி என்சிக், அதாவது ஐயா, என்று அழைப்போம். படித்துப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒன்பது வருடம் கழித்தா?"

"எத்தனை வருடத்துக்குள் என்று கையேட்டில் இல்லை, என்சிக்."

"இந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாள்?"

"உங்கள் முன்னால் நிற்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், வருந்துகிறோம் என்பதற்கு முன்னால் 'மிகவும்' என்று தன் கையால் சேர்த்தார். திரும்பத் தட்டச்சு செய்து கொண்டுவந்தேன். கையெழுத்திட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போது நானே கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் தபாலில் போவதுதான் முறை.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஒங்க ஆபீசுலேர்ந்து எனக்குக் கடுதாசி வந்துச்சு. கிராணி கொட்டாயில வெச்சுதான் குடுத்தாரு. படிங்கன்னேன். எல்லாருக்கும் கேக்கட்டும், சத்தமாப் படிங்கன்னேன்."

"படிச்சாரா?"

"ரெண்டு தரம் படிச்சாரு. என் வெரலு செல்லுமாம்." பருப்பை ஊற்றினார். "சாப்பு குத்திக் குடுங்கன்னேன். எதுக்கும்மா, இது ஒனக்கு வந்த கடுதாசின்னாரு. அவங்க ஆபீசுக்குக் கடுதாசி போனா சாப்பு குத்துறாங்கல்ல, எனக்கு வந்தா குத்தக் கூடாதான்னு கேட்டேன். குத்திட்டாரு."

எழுந்து கைகழுவிவிட்டு உறையை வாங்கிப் பார்த்தேன். அலுவலகத்தின் பெயருக்குக் கீழே, எஸ்டேட்டின் ஊதா மையில், கொஞ்சம் சாய்ந்து, பெறப்பட்டது என்று இருந்தது. பக்கத்தில் கடிதம் வந்து சேர்ந்த தேதி: மே பதினான்கு.